வைஃபை தாக்குதலைப் பிடிக்க ஒரு பறவைக் கூட்டம்: பைனரி பிஎஸ்ஓ, படிப்படியாக

வைஃபையில் பறக்கும் பிரேம்களை (தரவுத் துண்டுகளை) பார்த்து ‘இது சாதாரணம், இது தாக்குதல்’ என்று பிரிக்கும் ஒரு சின்ன மாடலைக் கட்டப் போகிறோம். ஒவ்வொரு பிரேமுக்கும் 154 விவரங்கள் இருக்கின்றன. அவற்றில் எவை உண்மையில் தேவை என்பதைப் பறவைக் கூட்ட முறையில் (particle swarm optimization, சுருக்கமாக பிஎஸ்ஓ) தேடப் போகிறோம். என் முதுகலைத் திட்டப்பணி இதுதான். அதில் ஒரே இடத்தில் மூன்று வாரம் நகராமல் நின்றேன். அந்த இடம் 5ஆம் படியில் வருகிறது. கூட்டம் ஓடுகிறது, ஆனால் எதையும் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது என்று தேடி வந்தவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

பைத்தான் நிறுவுவது, பாண்டாஸில் கோப்பைத் திறப்பது, டிசிஷன் ட்ரீ எப்படி வேலை செய்கிறது, இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதைப் பிடிக்கிறோம்

வீட்டில் வைஃபை திடீரென்று அறுந்து, தானே மறுபடி சேர்ந்து, மறுபடி அறுந்தால் டிஆதென்டிகேஷன் தாக்குதலாகவும் இருக்கலாம். டிஆதென்டிகேஷன் என்பது ‘உன் இணைப்பை முறித்துக்கொள்கிறேன்’ என்று ரவுட்டர் போனுக்குச் சொல்லும் பிரேம். ரவுட்டரின் மேக் முகவரியை (வைஃபை அட்டையின் அடையாள எண்) போட்டு வேறு யாராவது அதை அனுப்பினாலும் போன் நம்பிவிடும். காரணம், பழைய வைஃபையில் இந்த மேலாண்மை பிரேம்களுக்குக் கையெழுத்து எதுவும் கிடையாது. 2009இல் வந்த 802.11டபிள்யூ என்ற வைஃபை தரநிலை இதற்குப் பாதுகாப்பு கொடுத்தது. வைஃபை பாதுகாப்பு முறையின் புதிய வடிவமான டபிள்யூபிஏ3 அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த வசதி அணைத்தே கிடக்கும் டபிள்யூபிஏ2 ரவுட்டர்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன.

தாக்குதல் பிரேம்களை நீங்களே உருவாக்கிப் பார்க்க ஆசை வந்தால் உங்கள் சொந்த ரவுட்டரில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் நெட்வொர்க்கில் செய்தால் அது குற்றம். நமக்கு அந்தத் தேவையும் இல்லை, தரவு தயாராகவே கிடைக்கிறது.

படி 1: தரவு

கிரீஸ் நாட்டு ஏஜியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட அவிட் (AWID) தரவுத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் ஆய்வுக்குத் தருகிறார்கள். அதில் சுருக்கப்பட்ட வடிவம் போதும். பயிற்சிக் கோப்பில் 17,95,575 பிரேம்கள். அவற்றில் சாதாரணம் 16,33,190, இன்ஜெக்‌ஷன் 65,379, இம்பர்சனேஷன் 48,522, ஃப்ளடிங் 48,484. பின்னவை மூன்றும் தாக்குதல் வகைகள்: போலி பிரேம்களைப் புகுத்துவது, வேறொருவராக நடிப்பது, பிரேம்களைக் கொட்டி நிரப்புவது. சோதனைக் கோப்பில் 5,75,643 பிரேம்கள். சோதனைக் கோப்பை இப்போதே வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். கடைசிப் படிவரை அதைத் திறக்கக் கூடாது.

கோப்பில் தலைப்பு வரி இல்லை, பெயர்ப் பட்டியலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மேக் முகவரிகளும் இன்னும் சில நெடுவரிசைகளும் ஹெக்ஸில் (16 அடிமான எண்முறை) இருக்கும், பாண்டாஸ் அவற்றை எழுத்தாகவே படிக்கும். ஹெக்ஸ் எண்களை எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பல இடங்களில் கேள்விக்குறி இருக்கும். அதைப் பார்த்ததும் ‘விடுபட்ட தரவு’ என்று அந்த வரியை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. இங்கே கேள்விக்குறிக்கு ‘இந்த வகை பிரேமில் இந்த விவரமே கிடையாது’ என்று பொருள். ரவுட்டர் தன்னை அறிவிக்க அனுப்பும் பீக்கன் பிரேமில் இருக்கும் விவரம் டேட்டா பிரேமில் இருக்காது. இல்லாமல் இருப்பதே ஒரு தகவல். அதனால் கேள்விக்குறிக்குப் பதில் −1 போடுங்கள். பிறகு எல்லா வரியிலும் ஒரே மதிப்பு இருக்கும் நெடுவரிசைகளை நீக்குங்கள். அப்படிப்பட்டவை நிறைய இருக்கும்.

*பின்சேர்க்கை:* 8 ஜிபி லேப்டாப்பில் கோப்பு திறக்காமல் உறைந்துபோகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் எழுத்தாகப் படிப்பதால்தான் நினைவகம் நிரம்புகிறது. ஒரு லட்சம் வரிகளாகப் பிரித்துப் படியுங்கள். ஒவ்வொரு துண்டையும் எண்ணாக்கி, பார்க்கே (Parquet) கோப்பாகச் சேமியுங்கள். மறுமுறை அதைத் திறக்கச் சில விநாடிதான் ஆகும்.

படி 2: கடிகாரங்களை வெளியேற்றுங்கள்

என் முதல் ஓட்டத்தில் மாடல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. சந்தோஷத்தில் வழிகாட்டிக்கு மெயில்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். அனுப்புவதற்கு முன் டிசிஷன் ட்ரீயின் உச்சிக் கணுவைப் பார்த்தேன். அது கேட்ட முதல் கேள்வி பிரேம் எந்த நேரத்தில் பதிவானது என்பது. தாக்குதல்கள் குறிப்பிட்ட சில நிமிடங்களில்தான் நடந்தன. மாடல் அந்த நிமிடங்களை மனப்பாடம் செய்திருந்தது. தாக்குதலைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியவில்லை.

பதிவு நேரத்தை நீக்கினேன். மறுபடி அதே மதிப்பெண். கடிகாரம் வேறு பெயர்களிலும் ஒளிந்திருந்தது. பதிவு செய்யும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் முன்னால் சேரும் ரேடியோடேப் தலைப்பில் மேக்டைம் என்று ஒன்று உண்டு, அது வைஃபை அட்டையின் சொந்த மைக்ரோவிநாடிக் கடிகாரம். பீக்கன் பிரேமுக்குள் இருக்கும் டைம்ஸ்டாம்ப், ரவுட்டரின் கடிகாரம். பதிவு தொடங்கியதிலிருந்து கழிந்த நேரம் இன்னொரு நெடுவரிசை. எல்லாவற்றையும் நீக்குங்கள். முந்தைய பிரேமுக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு என்பதை மட்டும் விட்டுவையுங்கள், அது நியாயமான தகவல்.

மேக் முகவரிகளும் போக வேண்டும். அனுப்புபவர், பெறுபவர், பிஎஸ்எஸ்ஐடி (ரவுட்டரின் முகவரி) எல்லாமே. தாக்கியவரின் அட்டை எண்ணைக் கற்றுக்கொண்ட மாடல் நாளை வேறொரு அட்டையோடு வருபவரைப் பிடிக்காது.

இத்தனையும் போனபின் 80 நெடுவரிசைகள் மிஞ்சின என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். உங்கள் எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

படி 3: பிரித்தல்

வரிகளைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த பிரேம்கள் இரட்டைக் குழந்தைகள் மாதிரி இருக்கும். ஒன்று பயிற்சிக்கும் மற்றது சரிபார்ப்புக்கும் போனால் மாடல் பார்த்து எழுதுகிறது என்று பொருள். ஒவ்வொரு வகையிலும் நேர வரிசையில் முதல் 70 சதவீதம் பயிற்சிக்கு, கடைசி 30 சதவீதம் சரிபார்ப்புக்கு. வேகத்துக்காகப் பயிற்சிப் பக்கத்தில் சாதாரண பிரேம்களைக் குறைத்துக்கொள்ளலாம். சரிபார்ப்புப் பக்கத்தில் இயல்பான விகிதம் அப்படியே இருக்கட்டும்.

படி 4: மதிப்பெண் விதி

பறவைகளுக்கு வைஃபை பற்றி எதுவும் தெரியாது. நீங்கள் எதற்கு மதிப்பெண் கொடுக்கிறீர்களோ அதைத்தான் தேடிப் போகும். அதனால் இந்தப் படிக்குக் கூட்டத்தைவிட அதிக நேரம் கொடுங்கள்.

‘எத்தனை சதவீதம் சரி’ என்ற அளவு இங்கே உதவாது. சோதனைக் கோப்பில் 5,30,785 பிரேம்கள் சாதாரணம். எதைப் பார்த்தாலும் ‘சாதாரணம்’ என்று சொல்லும் மாடலுக்கே 92.2 சதவீதம் கிடைத்துவிடும், அது ஒரு தாக்குதலைக்கூடப் பிடிக்காது. நான்கு வகைக்கும் தனித்தனியே எஃப்1 (தவறவிட்டதையும் தவறாகப் பிடித்ததையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பெண்) கணக்கிட்டு, சராசரி எடுங்கள். மேக்ரோ எஃப்1 என்பது அதுதான். அதில் எந்த வகையைக் கைவிட்டாலும் மதிப்பெண் விழும்.

கூடவே, குறைவான நெடுவரிசைக்கு ஒரு சின்னச் சலுகை:

செலவு = 0.99 × (1 − எஃப்1) + 0.01 × (தேர்ந்தவை ÷ மொத்தம்)

செலவு குறைந்தால் நல்லது. ஒரு துகள் (கூட்டத்தின் ஒரு பறவை, அதாவது நெடுவரிசைகளின் ஒரு தேர்வு) 20 நெடுவரிசையில் எஃப்1 0.900 எடுத்தால் செலவு 0.1015. இன்னொன்று 8 நெடுவரிசையில் 0.895 எடுத்தால் 0.10495. முதல் துகள் வெல்கிறது. எடைகளை 0.9, 0.1 என்று மாற்றிப் பாருங்கள். முதலாவது 0.115, இரண்டாவது 0.1045. இப்போது இரண்டாவது வெல்கிறது. தரவு அதேதான், துகள்களும் அவைதான், முடிவு மட்டும் தலைகீழ். சின்ன கருவியில் ஓட வேண்டிய மாடல் என்றால் இரண்டாவது எடை சரி. எனக்குத் தாக்குதலைத் தவறவிடாததுதான் முக்கியம், அதனால் 0.99.

மதிப்பெண் போட டிசிஷன் ட்ரீயையே பயன்படுத்துங்கள். 20 துகள், 30 சுற்று என்றால் 600 முறை பயிற்சி. ஒன்றுக்கு 3 விநாடி ஆனாலும் அரை மணியில் முடியும். அருகிலுள்ள வரிகளைப் பார்த்து முடிவு செய்யும் கே-என்என் எடுத்தால் லட்சக்கணக்கான வரிகளோடு ஒவ்வொரு முறையும் தூரம் பார்த்துக்கொண்டிருக்கும். விடியும்வரை காத்திருந்து கடுப்பான அனுபவம் எனக்கு உண்டு. அப்புறம், ஒரே தேர்வு மறுபடி வந்தால் மறுபடி பயிற்சி செய்யாமல் பழைய செலவையே எடுத்துத் தரும்படி ஒரு டிக்‌ஷனரியில் சேமித்துவையுங்கள்.

படி 5: கூட்டம், நான் சிக்கிய இடம்

80 நெடுவரிசைகளில் எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்பதற்கு 2இன் 80ஆம் அடுக்கு வழிகள் இருக்கின்றன. 1க்குப் பின்னால் 24 சுழி போட்ட எண்ணைவிட அது பெரியது. எல்லாவற்றையும் பார்க்க முடியாது, அதனால்தான் கூட்டம்.

1995இல் சமூக உளவியலாளர் ஜேம்ஸ் கென்னடியும் மின்பொறியாளர் ரசல் எபர்ஹார்ட்டும் இந்த முறையை வெளியிட்டார்கள். இரை தேடும் பறவைக் கூட்டத்தில் ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு நினைவுகள்: தான் கண்ட நல்ல இடம், கூட்டம் கண்ட நல்ல இடம். இரண்டும் அதை இழுக்கின்றன. கூடவே பழைய வேகமும் கொஞ்சம் தள்ளுகிறது. கணக்கில்:

புதிய வேகம் = 0.73 × பழைய வேகம் + 1.5 × ப1 × (தன் சிறந்தது − இப்போதையது) + 1.5 × ப2 × (கூட்டத்தின் சிறந்தது − இப்போதையது)

ப1, ப2 இரண்டும் ஒவ்வொரு முறையும் 0க்கும் 1க்கும் இடையே புதிதாக எடுக்கும் பகடை எண்கள். 0.73, 1.5 என்பவை 2002இல் கிளெர்க்கும் கென்னடியும் தந்த 0.7298, 1.496 என்பவற்றின் சுருக்கம். இந்த எண்களை மாற்றி மாற்றி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

நம் துகள் 80 பிட் கொண்ட ஒரு வரிசை. 1 என்றால் அந்த நெடுவரிசை வேண்டும், 0 என்றால் வேண்டாம். வேகத்தை 0 அல்லது 1 ஆக மாற்றுவது எப்படி? 1997இல் அதே இருவர் தந்த பைனரி வடிவத்தில் வேகத்தை, எந்த எண்ணையும் 0க்கும் 1க்கும் இடையே சுருக்கும் சிக்மாய்டு சார்பில் போடுவார்கள். வருகிற எண்தான் அந்த பிட் 1 ஆவதற்கான வாய்ப்பு. வேகம் 4 என்றால் வாய்ப்பு 98 சதவீதம், −4 என்றால் 2 சதவீதம். பைஸ்வார்ம்ஸ் என்ற ஆயத்த நூலகமும் இதைத்தான் செய்கிறது. நானும் அதைத்தான் போட்டேன்.

நடந்தது இது. கூட்டத்தின் சிறந்த துகள் 12 நெடுவரிசையோடு நிற்கும். அதைப் பின்தொடர வேண்டிய மற்ற துகள்கள் 25, 30 என்று அலைந்துகொண்டே இருக்கும். 30 சுற்றில் நடக்காதது 200 சுற்றிலும் நடக்கவில்லை. 40 துகள் போட்டேன், எடைகளை மாற்றினேன், எந்த மாற்றமும் இல்லை.

கடைசியில் ஒரே ஒரு துகளின் ஒரே ஒரு பிட்டை மட்டும் எடுத்து, சுற்றுக்குச் சுற்று அதன் வேகத்தை நோட்டில் எழுதிப் பார்த்தேன். அந்த பிட் சரியாகத்தான் இருந்தது. தன் சிறந்ததிலும் 1, கூட்டத்தின் சிறந்ததிலும் 1, இப்போதும் 1. இரண்டு கழித்தலும் சுழி. மிஞ்சுவது 0.73 × பழைய வேகம் மட்டும். வேகம் 4இல் தொடங்கினால் பத்து சுற்றில் 0.17 ஆகத் தேய்ந்துவிடும். சாதாரண பிஎஸ்ஓவில் இது நல்ல செய்தி, துகள் சேர வேண்டிய இடத்தில் ஓய்ந்து நிற்கிறது. ஆனால் 0.17ஐ சிக்மாய்டில் போட்டால் 0.54. அதாவது, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்த பிட்டைப் பிடித்துக் காசு சுண்டிப் பார்க்கிறது இந்த விதி! வேகம் சுழியானால் ‘நில்’ என்று இருக்க வேண்டும், இங்கே ‘பூவா தலையா’ என்று இருக்கிறது. கூட்டம் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு சிதறும்.

மூன்று வாரத் தலைவலிக்கு மருந்து ஒரே வரிதான். சிக்மாய்டுக்குப் பதில் வி-வடிவச் சார்பு: வேகத்தின் டான்ஹெச் (tanh, எண்ணை −1க்கும் 1க்கும் இடையே சுருக்கும் சார்பு) மதிப்பை எடுத்து, குறியை நீக்குங்கள். வருகிற எண், பிட் *மாறுவதற்கான* வாய்ப்பு. வேகம் 0 என்றால் மாற வாய்ப்பு 0, பிட் இருந்த இடத்திலேயே இருக்கும். வேகம் 0.5 என்றால் 46 சதவீதம், 2 என்றால் 96 சதவீதம். 2013இல் மிர்ஜலிலியும் லூயிஸும் இந்த இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். தொடக்கத்திலேயே அதைப் படித்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

*பின்சேர்க்கை:* இதைப் படித்த ஒருவர், வி-வடிவம் போட்டபின்னும் சில பிட்டுகள் சுற்றுக்குச் சுற்று 0, 1, 0, 1 என்று துடிக்கின்றன என்று எழுதினார். நானும் ஓட்டிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. பிட் 0, இரண்டு சிறந்ததும் 1 என்று வையுங்கள். வேகம் சராசரியாக 1.5 ஆகும், மாறும் வாய்ப்பு 90 சதவீதம், பிட் 1 ஆகிவிடும். அடுத்த சுற்றில் இழுப்பு எதுவும் இல்லை, ஆனால் பழைய வேகத்தில் 1.1 மிச்சம் இருக்கிறது. அதற்கு டான்ஹெச் 0.80. எனவே சரியான இடத்துக்கு வந்த பிட் 80 சதவீத வாய்ப்பில் திரும்பிப் போய்விடும். தீர்வு: ஒரு பிட் மாறியதும் அந்த பிட்டின் வேகத்தை மட்டும் சுழியாக்குங்கள். எழுதியவருக்கு என் நன்றி.

இது இரண்டையும் செய்தால் எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்று தலைகாட்டும். எல்லாத் துகளும் ஒரே மாதிரி ஆகி, கூட்டம் உறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பிட்டையும் 80இல் ஒரு பங்கு வாய்ப்பில் சும்மா மாற்றிவிடுங்கள். துகளுக்குச் சராசரியாக ஒரு பிட் மாறும், தேடல் உயிரோடு இருக்கும்.

இத்தனை மாற்றமும் தேவைப்படுவதால் ஆயத்த நூலகம் வேண்டாம் என்பது என் கருத்து. நம்பையில் (NumPy) நாற்பது வரியில் நீங்களே எழுதிவிடலாம். தவறு எங்கே என்று உள்ளே இறங்கிப் பார்க்கவும் அதுதான் வசதி.

படி 6: ஓட்டம்

தொடக்கத்தில் ஒவ்வொரு பிட்டையும் 30 சதவீத வாய்ப்பில் 1 ஆக்குங்கள். வேகம் எல்லாம் 0. 20 துகள், 30 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு எண்களை அச்சிடுங்கள்: சிறந்த செலவு, துகள்களின் சராசரி நெடுவரிசை எண்ணிக்கை. இரண்டாவது எண் சிறந்த துகளின் எண்ணிக்கையை நோக்கி நெருங்கி வர வேண்டும். வரவில்லை என்றால் 5ஆம் படியில் எதையோ விட்டிருக்கிறீர்கள்.

வேறு வேறு சீடு எண்ணோடு (பகடை எண்களின் தொடக்க எண்) பத்து முறை ஓட்டுங்கள். ஒரு ஓட்டத்தில் வந்த தேர்வை நம்பாதீர்கள். பத்தில் எட்டிலாவது வந்த நெடுவரிசைகளைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஒப்பீடு கண்டிப்பாக வேண்டும். கூட்டமே இல்லாமல், 600 தேர்வுகளைக் கண்ணை மூடி எடுத்து, அவற்றில் சிறந்ததைப் பாருங்கள். பறவைக் கூட்டம் அதைத் தாண்டாவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு வேலை இல்லை. என் சிக்மாய்டு வடிவத்தை இப்படி ஒப்பிட்டிருந்தால் கோளாறு முதல் நாளே தெரிந்திருக்கும். ஓநாய், திமிங்கிலம் என்று வேறு விலங்குகளின் பெயரில் வரும் முறைகளுக்குத் தாவ நினைப்பவர்களும் முதலில் இந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள். பைனரியாக்கும் இடத்தில் இதே சிக்கல் அவற்றிலும் காத்திருக்கிறது.

படி 7: சோதனை, ஒரே ஒரு முறை

இப்போது அந்தச் சோதனைக் கோப்பைத் திறக்கலாம். தேர்ந்த நெடுவரிசைகளோடு முழுப் பயிற்சிக் கோப்பிலும் மாடலைப் பழக்குங்கள். சோதனைக் கோப்பில் ஒரு முறை ஓட்டி, குழப்ப அணியை (உண்மையான வகையையும் மாடல் சொன்ன வகையையும் ஒப்பிடும் அட்டவணை) பாருங்கள். இம்பர்சனேஷன் வரியை முதலில் பாருங்கள், அதில் 20,079 பிரேம்கள் இருக்கின்றன. சரிபார்ப்பில் வந்ததைவிட எண் கீழே இறங்கியிருக்கும். பதறாதீர்கள். பயிற்சிக் கோப்பில் இல்லாத சில தாக்குதல் வகைகள் சோதனைக் கோப்பில் இருக்கின்றன, அது ஒரு காரணம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு 4ஆம் படிக்குத் திரும்பிப் போய் எடைகளைத் திருத்தாதீர்கள். திருத்தினால் அது சோதனைக் கோப்பாக இருக்காது, இன்னொரு பயிற்சிக் கோப்பாகிவிடும்.

*பின்சேர்க்கை:* ‘வெப் (WEP) என்ற பழைய வைஃபை குறியாக்கத்தை யாருமே பயன்படுத்துவதில்லையே, இந்தத் தரவில் பழகிய மாடல் என் வீட்டு டபிள்யூபிஏ2 ரவுட்டரில் ஓடுமா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இந்தத் தொகுப்பு வெப் நெட்வொர்க்கில் பதிவானது. வெப்பின் ஐவி (தொடக்க எண்), ஐசிவி (சரிபார்ப்பு எண்) நெடுவரிசைகளைக் கூட்டம் ஆசையோடு பொறுக்கி எடுக்கும், உங்கள் வீட்டில் அவை வெறும் −1 ஆகத்தான் இருக்கும். சொந்த நெட்வொர்க்கில் ஓட்டுவது நோக்கம் என்றால் 2ஆம் படியிலேயே அவற்றையும் நீக்குங்கள். அல்லது 2021இல் வெளிவந்த அவிட்3 தொகுப்புக்கு மாறுங்கள். அது ஒவ்வொரு பயனரையும் தனியே சரிபார்க்கும் 802.1எக்ஸ் வைத்த நிறுவன நெட்வொர்க் சூழலில், மேலாண்மை பிரேம் பாதுகாப்பு இயங்கும் நிலையில் பதிவானது. நெடுவரிசைகள் வேறு என்பதால் கடிகார வேட்டையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 5ஆம் படியில் ஒரு வரியும் மாறாது.